கீறல் கறையா? ஆங்கிலம் தெரிந்தவர்கள் வரவும்

கல்லடிக்காரன்:
களுவாஞ்சிக்குடியில் ஒருவர் பழைய பைக் விற்கிறார். விளம்பரத்தில் 'இமாகுலேட் கண்டிஷன்' என்று போட்டிருந்தார். வேலைக்கு லீவு போட்டு, பஸ் ஏறிப் போனேன். டாங்கியில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். கேட்டால், 'துடைச்சுத்தானே வச்சிருக்கன்' என்கிறார். இமாகுலேட் என்றால் ஒரு குறையும் இல்லாதது. பெர்பெக்ட், ஃபிளோலெஸ், இம்பெக்கபிள் எல்லாம் ஒரே கருத்துத்தான். அந்த மனுசனுக்கு யாராவது ஒரு அகராதி வாங்கிக் கொடுங்கள்.

பழைய வாத்தி:
அகராதி உமக்குத்தான் தேவை தம்பி. லத்தீனில் 'மாகுலா' என்றால் கறை, புள்ளி. இமாகுலேட் என்றால் கறை இல்லாதது. கீறல் கறை அல்ல. விற்கிறவர் போட்டது சரி. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் சொல்கிறேன்.

கல்லடிக்காரன்:
அவர் விளம்பரத்தை லத்தீனிலா போட்டார் சேர்? வாகன விளம்பரத்தில் இமாகுலேட் என்றால் புதிது மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். இங்கிலாந்திலும் அப்படித்தான் போடுகிறார்கள்.

பழைய வாத்தி:
எல்லாம் ஒரே கருத்து என்று எழுதினீரே, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இம்பெக்கபிள் 'பெக்காரே'யிலிருந்து வந்தது. அதற்குப் பாவம் செய்தல் என்று பொருள். பாவமே செய்ய முடியாதவனைச் சொல்ல வந்த சொல். இன்றைக்கு ஒருவரின் நடத்தை, உடை, ரசனை, நேரந்தவறாமை இதற்கெல்லாம் போடுவார்கள். உம்முடைய பைக் பாவம் செய்யுமா? பெர்பெக்ட் என்றால் முழுதாய்ச் செய்து முடித்தது. ஃபிளோ என்றால் வெடிப்பு, உள்ளே கிடக்கும் பழுது. 'ஃபிளோலெஸ் கண்டிஷன்' என்று அவர் போட்டிருந்தால் நானே உம்மோடு வந்து சண்டை பிடித்திருப்பேன். அவர் போட்டது இமாகுலேட். கீறல் கறை அல்ல.

திருக்கோவில் பொடியன்:
கொழும்பில் நகைக்கடையில் நிற்கிறேன். வைரத்துக்கு ஃபிளோலெஸ் என்பது சும்மா புகழ்ச்சி இல்லை, அது ஒரு தரம். 10 மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தாலும் உள்ளேயும் வெளியேயும் ஒன்றும் தெரியக்கூடாது. உள்ளே சுத்தம், மேலே மட்டும் சின்னக் குறை என்றால் 'இன்டர்னலி ஃபிளோலெஸ்' என்று ஒரு படி இறக்கிவிடுவார்கள். பைக்குக்கும் அப்படி ஒரு தரம் வைத்தால் இந்தச் சண்டை வராது.

கல்லடிக்காரன்:
பார்த்தீர்களா சேர், வைரத்தில் மேற்கீறலுக்கே ஒரு படி இறக்குகிறார்கள்.

பழைய வாத்தி:
அது ஃபிளோலெஸ். நாம் பேசுவது இமாகுலேட். மாட்டைப் பற்றிக் கேட்டால் ஆட்டைப் பற்றிச் சொல்லாதீர்.

வாவிக்கரை:
கிரிக்கெட் வர்ணனையில் 'இமாகுலேட் லைன் அண்ட் லெங்த்' என்று சொல்கிறார்களே, பந்தில் கறை இல்லை என்றா சொல்கிறார்கள்? போன மாதம் இதே சேர், பெர்பெக்டுக்கு முன்னால் 'மோர்' வராது என்று ஒரு பிள்ளையை அழ வைத்தார். 1787இல் எழுதின அமெரிக்க அரசியலமைப்பின் முதல் வரியிலேயே 'மோர் பெர்பெக்ட் யூனியன்' இருக்கிறது என்று காட்டினேன். இன்றுவரை பதில் இல்லை.

பழைய வாத்தி:
அதை எழுதியவர்கள் அரசியல்வாதிகள். அரசியல்வாதியிடம் இலக்கணம் படிக்கிற காலம் எனக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளை அழவும் இல்லை.

தாண்டவன்வெளி தங்கச்சி:
சேர், நீங்கள் சொல்கிற அதே இமாகுலேட்தான் அமலோற்பவ மாதா திருநாளிலும் வருகிறது, டிசம்பர் 8. அங்கே கறை என்பது சாயக் கறையா, எண்ணெய்க் கறையா? ஜென்மப் பாவம். கண்ணுக்குத் தெரியாத பாவத்தைக் கறை என்று சொல்லலாம், ஒரு சாண் கீறலைச் சொல்லக்கூடாதா?

வாவிக்கரை:
அது இயேசு கன்னியிடம் பிறந்த திருநாள்தானே?

தாண்டவன்வெளி தங்கச்சி:
இல்லை அண்ணன். எல்லாரும் இதைத்தான் பிழையாகச் சொல்கிறீர்கள். மாதா தன்னுடைய தாயின் வயிற்றில் உருவானபோதே பாவக்கறை இல்லாமல் உருவானார் என்பது. 1854இல் பாப்பரசர் 9ஆம் பயஸ் அறிவித்த கோட்பாடு. மறுகாவும் பிழையாக எழுத வேண்டாம்.

பழைய வாத்தி:
சமயத்தைக் கொண்டுவந்து பைக்கோடு கட்டக்கூடாது. கறை, புள்ளி, மாசு. கீறல் இந்தப் பட்டியலில் இல்லை.

சம்மாந்துறை வயல்காரன்:
தமிழில் மாசற்ற, பழுதற்ற, அப்பழுக்கற்ற என்று இத்தனை இருக்க எதற்கு இந்த லத்தீன்? 'பழுதற்ற பைக்' என்று போட்டால் முடிந்தது.

பழைய வாத்தி:
இதுவும் என் பக்கம்தான். மாசு வேறு, பழுது வேறு. கோவலன் கண்ணகியை 'மாசறு பொன்னே' என்றான், 'பழுதறு பொன்னே' என்று சொல்லவில்லை.

கல்லடிக்காரன்:
அப்படிச் சொன்ன கோவலன்தான் பிறகு மாதவி வீட்டுக்குப் போனான். விளம்பரக்காரன் பேச்சும் அதே மாதிரித்தான்.

பழைய வாத்தி:
வைகாசியில் ஊரெல்லாம் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு செய்கிற மண்ணில் இருந்துகொண்டு இப்படி எழுதுகிறீர்.

கல்லடிக்காரன்:
அம்மனை எங்கே சொன்னேன்? கோவலனைச் சொன்னேன்!

வெள்ளவத்தை வாசி:
எங்கட யாழ்ப்பாணத்தில் இதற்கெல்லாம் 'திறம்' என்ற ஒரே சொல் போதும்.

வாவிக்கரை:
திறம் என்றால் நல்லது, அவ்வளவுதான். உங்களிடம் நேற்றைய சோறும் திறம், நாளைய மழையும் திறம்.

வெள்ளவத்தை வாசி:
மறுபடியும் என்பதற்கு 'மறுகா' என்று எழுதுகிற மட்டக்களப்பு ஆட்கள் எங்களுக்குச் சொல் படிப்பிக்க வேண்டாம்.

தாண்டவன்வெளி தங்கச்சி:
மறுகாவில் என்ன குறை கண்டீர்கள்? சொல்லிவிட்டுப் போங்கள்.

கண்வார்ட் தாதி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கண்ணின் விழித்திரையில் மஞ்சளாக ஒரு புள்ளி இருக்கிறது. அதன் பெயரே 'மெகுலா', வாத்தியார் சொன்ன அதே 'மாகுலா'தான். அது இருந்தால்தான் எழுத்து வாசிக்கலாம். வாத்தியார் கணக்கின்படி பார்த்தால், கண் நன்றாகத் தெரிகிற எவரும் இமாகுலேட் இல்லை.

பழைய வாத்தி:
பகிடிக்குப் பதில் எழுதுவதில்லை.

திருக்கோவில் பொடியன்:
அதுவே பதில்தானே சேர்?

கல்லடிக்காரன்:
சரி சேர், உங்கள் வழிக்கே வருகிறேன். அந்தக் கீறலுக்குள் துரு ஏறியிருந்தது. துரு கறையா, இல்லையா?

பழைய வாத்தி:
முதல் பதிவில் துரு என்று ஒரு சொல் இல்லை. மேலே போய்ப் பாரும். தோற்கப்போகிற நேரத்தில் துருவைக் கொண்டுவருவது அழகில்லை.

கல்லடிக்காரன்:
பைக்கைப் பார்த்தது நானா, நீங்களா?

பழைய வாத்தி:
சொல்லைப் பார்ப்பது நான். அதற்குப் பைக்கைப் பார்க்க வேண்டியதில்லை.

வாவிக்கரை:
விற்கிறவர் சேருக்குச் சொந்தமோ என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பழைய வாத்தி:
களுவாஞ்சிக்குடியில் எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கீறல் கறை அல்ல.

சம்மாந்துறை வயல்காரன்:
பைக் இன்னும் இருக்கிறதா? என்ன விலை சொன்னார்?

கல்லடிக்காரன்:
சம்மாந்துறை நானா, நீங்களுமா?