மழை ராத்திரிக்குப் பேய்ப் படம் சொல்லுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் நாலு நாளாக விடாத மழை. ரப்பர் வெட்டும் இல்லை, எல்லோரும் வீட்டில்தான். சனிக்கிழமை மதினியும் பிள்ளைகளும் வருகிறார்கள். ஓடிடியில் பார்க்க நல்ல பேய்ப் படம் வேண்டும்.

2024-இல் வந்த மலையாளப் படம் ‘பிரமயுகம்’ பார்த்தாச்சு. கறுப்பு வெள்ளையில் மம்மூட்டி சிரித்த சிரிப்பில் அம்மா கையிலிருந்த கட்டன்சாயா ஆறியே போனது. அதே ராகுல் சதாசிவன் 2022-இல் எடுத்த ‘பூதகாலம்’ எனக்கு இன்னும் ஒரு படி மேல். ஒரு வீடு, ரேவதி, ஷேன் நிகம். முக்கால் படம் அவ்வளவுதான், ஆனால் அன்றைக்கு யாரும் தனியாகப் படுக்கவில்லை. கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் கதையை வைத்து எடுத்த ‘லோகா’வும் ஆச்சு. நீலி கதையை ஆச்சி வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் பயம் போதாது.

மலையாளம் எங்களுக்கு அப்படியே புரியும். வேறு மொழி என்றால் தமிழ் டப்பிங் இருக்க வேண்டும், அம்மாவால் சப்டைட்டில் படிக்க முடியாது. காமெடிப் பேய் வேண்டாம். ரத்தக்களரியும் வேண்டாம், சின்னவனுக்கு 12 வயதுதான்.

அப்புறம், எந்த ஓடிடியில் இருக்கிறது என்றும் சொல்லிவிடுங்கள். கரண்டு போவதற்குள் இறக்கி வைக்கணும்.