புதுப்பிப்பு: கறுப்பு-வெள்ளை ஸ்கேனில் செய்தி மறைப்பது சரியாகிவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. 1-பிட் ஸ்கேன் படத்தில் (ஒவ்வொரு பிக்சலும் கறுப்பு அல்லது வெள்ளை மட்டும்) செய்தியை மறைத்தால் வெள்ளைப் பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தேன். எழுத்துகளின் விளிம்புப் பிக்சலை மட்டும் மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. செய்தியை 0, 1 பிட்டுகளாக்கி, படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பிட் என்று வைத்தேன். கட்டத்தில் கறுப்புப் பிக்சல்களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் 0, ஒற்றைப்படை என்றால் 1. செய்தியின் பிட்டோடு பொருந்தாத கட்டத்தில் ஒரே ஒரு விளிம்புப் பிக்சலைப் புரட்டினால் (கறுப்பை வெள்ளையாகவோ வெள்ளையைக் கறுப்பாகவோ மாற்றினால்) போதும், கண்ணுக்குத் தெரியவே இல்லை.

எதிர்பாராத சிக்கல்: எழுத்தே இல்லாத வெற்றுக் கட்டங்களில் புரட்ட விளிம்பே கிடையாது. பிரிக்கும் முன் பிக்சல்களின் இடங்களை ஒரு ரகசியச் சாவியால் (கலைக்கும் வரிசையைத் தீர்மானிக்கும் ரகசிய எண்) கலைத்தேன்; விளிம்புப் பிக்சல்கள் எல்லாக் கட்டங்களுக்கும் பரவியதால் சரியானது. (எது விளிம்பு என்பதைக் கலைக்காத மூலப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.) ஆய்வாளர்கள் மின் வூ, பீட் லியூ இருவரும் 2004இல் வெளியிட்ட கட்டுரையிலும் இதே வழிதான்.

அப்புறம், பிக்சல் எதையும் மாற்றாத பிஎன்ஜி (PNG) வடிவத்தில் சேமியுங்கள். சில பிக்சல்களை மாற்றிவிடும் இழப்புள்ள ஜேபிக்2 (JBIG2) சுருக்கத்தில் என் செய்தி அழிந்துபோனது.