வணிக வளாக மாடியில் சூரிய மின்சாரம்: எத்தனை கிலோவாட் வரை லாபம்?

வளாகம்_மதுரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று மாடி வணிக வளாகம் ஒன்று இருக்கிறது. தரைத்தளத்தில் நாங்களே வீட்டு உபயோகப் பொருள் கடை நடத்துகிறோம். முதல் மாடியில் வங்கிக் கிளை, இரண்டாம் மாடியில் ஸ்கேன் மையம், மூன்றாம் மாடியில் இரண்டு சிறு அலுவலகங்கள் வாடகைக்கு உள்ளன. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மின் இணைப்பு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், நடைபாதை விளக்குகளுக்கு மட்டும் என் பெயரில் ஒரு பொது மீட்டர் இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் அறையும் போக மொட்டை மாடியில் 2,500 சதுர அடி கிடைக்கும், அதில் 25 கிலோவாட் அமைக்கலாம், நான்கே ஆண்டில் முதல் திரும்பிவிடும் என்று ஒரு நிறுவனத்தார் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார்கள். கடைக்கு இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 4,800 யூனிட் ஓடுகிறது. இந்த நான்கு ஆண்டுக் கணக்கை நம்பலாமா? மிஞ்சும் மின்சாரத்தை வாடகைதாரர்களுக்குக் கொடுத்துப் பணம் வாங்க முடியுமா? டீசல் ஜெனரேட்டரை நிறுத்திவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கூரைப்பொறியாளர்:

வணக்கம் ஐயா. மாடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை வைத்துத் திறனை முடிவு செய்வதுதான் இந்தத் துறையில் பரவலாக நடக்கிறது. வணிகக் கட்டடத்துக்கு அது பொருந்தாது. பகலில் உங்கள் மீட்டர் எவ்வளவு இழுக்கிறது என்பதை வைத்தே திறனை முடிவு செய்ய வேண்டும்.

வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டரிங் இருப்பதால், வெளியே அனுப்பிய யூனிட்டை இரவில் பயன்படுத்திய யூனிட்டோடு நேருக்கு நேர் கழித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் வணிக இணைப்புக்கு அது இல்லை. நெட் ஃபீட்-இன் முறைதான். அதாவது, சூரிய மின்சாரம் உண்டாகும் அதே நேரத்தில் உங்கள் கடை பயன்படுத்திக்கொண்ட யூனிட்டுக்கு முழு வணிகக் கட்டணமும் மிச்சம். பயன்படுத்தாமல் மின்வாரியத்தின் கம்பிக்குப் போன யூனிட்டுக்கோ அதைவிட மிகக் குறைந்த விலைதான் வரவு வைக்கப்படும். இதற்கு மேல், நீங்களே பயன்படுத்திய யூனிட் உட்பட, உற்பத்தியாகும் மொத்த யூனிட்டுக்கும் நெட்வொர்க் கட்டணம், அதாவது மின்வாரியத்தின் கம்பி வலையமைப்புக்கான கட்டணம் உண்டு. நான்கு ஆண்டு என்று சொல்பவர்கள் அநேகமாக உற்பத்தி முழுவதையும் யூனிட் பத்து ரூபாயால் பெருக்கியிருப்பார்கள்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 80 யூனிட்; காலை பத்து மணிக்குத் திறந்து இரவு ஒன்பது, ஒன்பதரை வரை கடை நடக்கிறது என்றால், வெயில் இருக்கும் நேரத்தில் 50 யூனிட் வரை ஓடும். நம் பகுதியில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஆண்டுக்கு 1,400 முதல் 1,500 யூனிட் தரும். கணக்குக்காக, மிச்சமாகும் யூனிட்டுக்கு 10 ரூபாய், வெளியே போகும் யூனிட்டுக்கு 3 ரூபாய், நெட்வொர்க் கட்டணமும் பராமரிப்பும் சேர்த்து உற்பத்தி யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய், அமைக்கும் செலவு கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லிலும் விலைப்புள்ளியிலும் உள்ள உண்மையான எண்களை இவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

15 கிலோவாட் வைத்தால் செலவு ஏழரை லட்சம். ஆண்டுக்கு 21,750 யூனிட் வரும். அதில் முக்கால் பங்கைக் கடையே எடுத்துக்கொள்ளும். எல்லாம் கழித்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,46,000 ரூபாய் நிற்கும்; ஐந்து ஆண்டில் முதல் திரும்பும். 25 கிலோவாட் வைத்தால் செலவு பன்னிரண்டரை லட்சம், உற்பத்தி 36,250 யூனிட். ஆனால் கடை எடுத்துக்கொள்வது பாதியளவுதான், ஏனென்றால் பகல் தேவை தகட்டோடு சேர்ந்து வளரவில்லை. நிகர மிச்சம் 1,81,000 ரூபாய் என்று வரும். மொத்தமாகப் பார்த்தால் ஏழு ஆண்டு என்று தோன்றும். ஆனால் கூடுதலாகப் போட்ட ஐந்து லட்சத்தை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள்: அது ஆண்டுக்கு 35,000 ரூபாய்தான் தருகிறது, திரும்பி வரப் பதினான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். வாரம் ஒரு நாள் கடைக்கு விடுமுறை என்றால் இரண்டு கணக்குமே இன்னும் நீளும்.

வாடகைதாரர்களுக்கு மின்சாரம் விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். உரிமம் இல்லாமல் மின்சாரத்தை விநியோகிக்கவோ வணிகம் செய்யவோ 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இடம் தரவில்லை. சூரிய நிலையம் ஒரு மின் இணைப்போடுதான் சேரும்; உங்கள் மீட்டருக்குப் பின்னால் இருந்து மேல்மாடிக்கு ஒயர் இழுக்க வேண்டாம்.

நிலையான கட்டணம் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை ஒட்டியது. தகடு வைத்ததால் அது குறையாது. சில விலைப்புள்ளிகளில் அதையும் மிச்சக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள், கவனித்துப் படியுங்கள்.

கணக்கர்_திருச்சி:

மேலே உள்ள கணக்கோடு வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சூரிய மின் சாதனங்களுக்கு வருமான வரியில் 40 விழுக்காடு தேய்மானம் உண்டு, அதாவது சாதனத்தின் மதிப்பில் அந்தப் பங்கை ஆண்டுதோறும் தொழில் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2017 மார்ச் வரை அது 80 ஆக இருந்தது, இன்னும் பலர் பழைய விகிதத்தையே சொல்லி விற்கிறார்கள். ஒரு நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் அந்த ஆண்டுக்கு அதில் பாதிதான் கிடைக்கும் என்பதால், மார்ச் மாதக் கடைசியில் அவசரமாக அமைப்பதில் பெரிய நன்மை இல்லை.

தங்களைப் போன்ற வளாக உரிமையாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடகை வருமானத்தை வீட்டுச் சொத்து வருமானம் என்ற தலைப்பில் காட்டினால், அதற்கு 30 விழுக்காடு நிலையான கழிவு உண்டு. தேய்மானம் கேட்க முடியாது. எனவே தகடு பொது மீட்டரில் சேர்ந்து வாடகைப் பகுதிக்கு உழைத்தால் ஒரு விளைவு, கடையின் மீட்டரில் சேர்ந்து தொழிலுக்கு உழைத்தால் வேறு விளைவு. கடையின் கணக்கை உத்தேச லாப முறையில், அதாவது விற்பனையில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டையே லாபமாகக் காட்டுபவராக இருந்தால், அங்கும் தேய்மானத்தைத் தனியே கழிக்க இயலாது.

சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய சாதனங்களுக்கு 12-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அமைத்துத் தரும் ஒப்பந்தத்தில் 70 பங்கு பொருள், 30 பங்கு சேவை என்று கொள்வதால் மொத்தத்தில் 8.9 விழுக்காடு வரும். பழைய விகிதத்தில் போட்ட விலைப்புள்ளி என்றால் திருத்தித் தரச் சொல்லுங்கள். பிரதமரின் சூர்ய கர் மானியம் குடியிருப்புகளுக்கு மட்டுமே. வணிக இணைப்புக்கு அது கிடைக்காது.

ஜவுளிக்கடை_திண்டுக்கல்:

எங்கள் கடையில் தகடு வைத்திருக்கிறோம், நன்றாகவே ஓடுகிறது. தகட்டின் விலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு மாடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். தளத்தில் நீர்க்கசிவு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே தாங்கிகளை நிறுத்துங்கள். தகடு ஏறிய பின் கீழே வேலை செய்வது பெரும்பாடு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவக் கழுவக் கண்ணாடியில் வெண்படலம் பிடித்து உற்பத்தி குறையும், ஆகவே நல்ல தண்ணீருக்கு வழி செய்துகொண்டு, வெயில் ஏறுமுன் கழுவச் சொல்லுங்கள். செல்பேசிக் கோபுரமோ விளம்பரப் பலகையோ மாடியில் இருந்தால், அதன் நிழல் மார்கழியில் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் வரும், குறைந்தால் ஈடு தருவோம் என்ற உறுதியை எழுதி வாங்குங்கள்.

வளாகம்_மதுரை:

அனைவருக்கும் மிக்க நன்றி. 15 கிலோவாட்டுக்கு மாற்றி விலைப்புள்ளி கேட்கிறேன். அப்படியானால் மீதமுள்ள ஆயிரம் சதுர அடி வீணாகத்தான் கிடக்க வேண்டுமா? ஜெனரேட்டர் பற்றிய கேள்வியும் நிற்கிறது.

கூரைப்பொறியாளர்:

வீணாக வேண்டியதில்லை ஐயா. ஸ்கேன் மையத்துக்குப் பகல் முழுவதும் குளிர்சாதனம் ஓடும்; தகட்டுக்கு அதைவிடப் பொருத்தமான மீட்டர் உங்கள் கட்டடத்தில் இருக்காது. அவர்களே முதல் போட்டு, அவர்கள் இணைப்பில் 10 கிலோவாட் அமைத்துக்கொள்ளட்டும். நீங்கள் மாடி இடத்துக்கு வாடகை வாங்கலாம். தகடு இருபத்தைந்து ஆண்டு இருக்கும், அவர்கள் அவ்வளவு காலம் இருப்பார்களா என்பது தெரியாது. எனவே அவர்கள் காலி செய்தால் எந்த ஆண்டில் என்ன விலைக்கு நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள், மாடி பழுதுபார்க்கக் கழற்ற நேர்ந்தால் செலவு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஜெனரேட்டரை எடுத்துவிடாதீர்கள். தகட்டின் மின்சாரத்தை மின்வாரியக் கம்பியோடு இணைக்கும் இன்வெர்ட்டர், மின்தடை ஏற்பட்டதும் தானாக நின்றுவிடும்; அப்போது தகட்டிலிருந்து மின்சாரம் வராது. கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கான பாதுகாப்பு அது, மாற்றக் கூடாது. ஜெனரேட்டர் ஓடும்போது அதோடு சேர்ந்து தகடும் வேலை செய்து டீசலை மிச்சப்படுத்த வேண்டுமானால், உற்பத்தியைத் தேவைக்கேற்பக் குறைத்து ஜெனரேட்டருக்குள் மின்சாரம் திரும்பிப் போகாமல் தடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவி தனியாக வேண்டும். உங்கள் பகுதியில் பகல்நேர மின்தடை அடிக்கடி இருந்தால் மட்டும் அதற்குச் செலவு செய்யுங்கள்.