ஒரே ஜோடியாக வாழும் பாலூட்டிகள்: ஒரு குழப்பம், உதவுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை விலங்கியல் படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் பேச வேண்டும், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

பாலூட்டிகளில் ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழும் இனங்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கொஞ்சம் எப்படி வந்தது? 2013இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. லூகாஸும் கிளட்டன்-பிராக்கும் சுமார் 2,500 இனங்களை ஒப்பிட்டு, பெண்கள் தனித்தனியே சிதறி வாழ்வதால் ஒரு ஆணால் ஒன்றுக்கு மேல் காவல் காக்க முடியவில்லை என்றார்கள். ஓப்பி குழுவினர் குரங்கு, லெமூர் போன்ற 230 முதனி (primate) இனங்களைப் பார்த்துவிட்டு, குட்டிக்கொலைதான் காரணம் என்றார்கள். பால் கொடுக்கும் தாய் சீக்கிரம் சினைப்படாது. குட்டி செத்தால் சீக்கிரமே சினைப்படும். அதனால் வேற்று ஆண் குட்டியைக் கொல்கிறது, அப்பன் கூடவே இருந்து காக்கிறது.

குட்டிக்கொலை கட்டுக்கதை இல்லை. 1960களில் கர்நாடகத்தின் தார்வார் பக்கம் அனுமன் குரங்குகளிடம் ஜப்பானிய ஆய்வாளர் சுகியாமா பதிவு செய்திருக்கிறார். ஆனால் அவை ஜோடியாக வாழ்வதில்லையே! அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஆய்வுக்கு எடுத்த இனங்கள் வேறு என்பதால் முடிவும் மாறியதா, கணக்கிட்ட முறையா? தெரிந்தவர்கள் எளிமையாகச் சொல்லுங்கள். அப்புறம், ஜோடியாக வாழ்ந்தும் வேறு ஆணுக்குக் குட்டி பிறப்பதைச் சொல்ல நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதா?