டென்வர் பக்கம் ஸ்கீ லிஃப்ட் டிக்கெட் கம்மியா கிடைக்க வழி இருக்கா?

பனிக்குப்புதுசு:
வணக்கம் மக்களே, ஆரோராவுக்கு மாறி வந்து இதுதான் முதல் வின்டர். நாங்க ரெண்டு பேர், பையன் அஞ்சாங்கிளாஸ், பொண்ணுக்கு நாலு வயசு, யாருக்குமே ஸ்கீ தெரியாது. கிறிஸ்துமஸ் லீவுல கீஸ்டோன் இல்ல பிரெக்கன்ரிட்ஜ் போலாம்னு ரேட் பாத்தா ஊருக்கு டிக்கெட் போட்டுட்டு பேசாம போயிரலாம் போல இருக்கு. எப்படிங்க எல்லாரும் சமாளிக்கிறீங்க?

மலைமுழுங்கி:
சகோ, அன்னன்னைக்கு கவுண்டர்ல போய் மட்டும் வாங்கிராதீங்க, வேய்ல் ரிசார்ட்ல கூட்டம் அதிகமான நாள்ல ஒரு ஆளுக்கே 300 டாலருக்கு மேல. கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜையும் நடத்துற அந்த வேய்ல் கம்பெனியே எபிக் டே பாஸ்னு விக்குது, எத்தன நாள் வேணுமோ அத்தன நாளைக்கு மட்டும் எடுத்துக்கலாம், பாதி விலைக்கும் கீழயே முடிஞ்சிரும், ஆனா டிசம்பர் ஆரம்பத்துலயே விக்கிறத நிறுத்திருவாங்க, பனி கொட்டட்டும் பாப்போம்னு உக்காந்திருந்தா அவ்ளோதான். ஹாலிடே நாள்ல செல்லாத பாஸ் எடுத்தா இன்னும் கம்மி, அதனால கிறிஸ்துமஸ விட்டுட்டு ஜனவரில ஒரு வாரநாள் லீவு போட்டுட்டு போங்க. நாலு வயசு வரைக்கும் அங்க லிஃப்ட் ஃப்ரீ. பையனுக்கு எபிக் ஸ்கூல்கிட்ஸ்னு ஒரு பாஸ் இருக்கு, கொலராடோல அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிக்கிற பசங்களுக்கு சும்மாவே தராங்க, சீசனுக்கு முன்னாடியே பேர் குடுத்துருங்க.

சாம்பார்வடை:
எல்லாம் சரி ஜி, ஆனா ஸ்கீயே தெரியாதவங்களுக்கு முழு மலைக்கும் எதுக்கு டிக்கெட்? முதல் நாள் பூரா மேஜிக் கார்பெட்லயே (புதுசா கத்துக்குறவங்கள மேல கொண்டு போற நகர்ற பெல்ட்) விழுந்து எந்திரிச்சு போயிரும். லவ்லேண்ட் வேலி பாருங்க, ஐ-70 ஹைவேல ஐசன்ஹோவர் டனலுக்கு முன்னாடியே வந்துரும், கத்துக்குறவங்களுக்குன்னே தனி இடம், கிளாஸ், ஸ்கீ வாடகை, லிஃப்ட் எல்லாம் சேத்து ஒரே பேக்கேஜா தருவாங்க, பார்க்கிங்கும் ஃப்ரீ. 10,000 அடிக்கு மேல இருக்கு, தண்ணி நிறைய குடிங்க. அப்புறம் மூணுல இருந்து ஆறாங்கிளாஸ் பசங்களுக்கு கொலராடோ ஸ்கீ கன்ட்ரிங்கிற ஸ்கீ ரிசார்ட்டுங்க சங்கத்தோட பாஸ்போர்ட்னு ஒரு பாஸ் இருக்கு, ஒரு தடவை காசு கட்டுனா பல மலைல ஏறலாம். ஆனா கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ்ல செல்லாது, வேய்ல் கம்பெனி 2008லயே அந்த சங்கத்த விட்டு வெளிய போயிட்டாங்க.

பனிக்குப்புதுசு:
ரொம்ப நன்றி, வீட்டுக்காரர் லவ்லேண்டுக்கு ஓகே சொல்லிட்டார். இன்னொரு சந்தேகம், ஆன்லைன்ல ஒருத்தர் அவரோட பாஸ்ல மீதி இருக்கிற நாள பாதி விலைக்கு தரேங்கிறார், வாங்கலாமா?

மலைமுழுங்கி:
வேணவே வேணாம். லிஃப்ட்ல ஸ்கேன் பண்ணும்போது பாஸ் யாரோடதோ அவங்க போட்டோ வந்துரும், மாட்டுனா பாஸையும் பிடுங்கிருவாங்க உங்க காசும் போச்சு. அதுக்கு பதிலா ஆஃபீஸ்ல யார்கிட்டயாவது சீசன் பாஸ் இருக்கான்னு கேளுங்க, கூட வர்றவங்களுக்கு தள்ளுபடி டிக்கெட் அவங்க கணக்குலயே கிடைக்கும்.

சாம்பார்வடை:
எங்க போனாலும் சனிக்கிழமை வேணாம், ஐ-70லயே பாதி நாள் ஓடிரும். ஸ்னோ டயர் போட்டாச்சா?