கொட்டியாரக் குடாவில் படகோட்ட ஆலோசனை தேவை

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். நோர்வூட்டில் வசிக்கும் நாங்கள், கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் ஜூலை மாதத்தில் எங்கள் 14 அடி பைபர் படகை லொறியில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுசென்று, கொட்டியாரக் குடாவில் மூன்று நாள்கள் குடும்பத்துடன் உலாவர விரும்புகிறோம். நம் மலையில் பிறக்கும் மகாவலி கடலைத் தொடும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

முதற்கவலை எஞ்சினைப் பற்றியது. நாங்கள் இதுவரை படகோட்டிய காசல்ரீ நீர்த்தேக்கம் 1,000 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், அங்குள்ள அடர்த்தி குறைந்த காற்றுக்கு ஏற்ப, 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் காபரேட்டரில் சிறிய ஜெட் (பெற்றோலை அளவாக விடும் துளையுள்ள திருகு) பொருத்தியிருக்கிறோம். கடல்மட்டத்தில் அதே ஜெட்டுடன் ஓடினால் பெற்றோல் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி, பிஸ்டன் பழுதாகலாம். அப்போது கழற்றிய, பெரிய துளையுள்ள பழைய ஜெட்டை அப்பா தேயிலைப் பைக்கற்றின் வெள்ளித்தாளில் சுற்றி வைத்திருந்தார்; அதன் துளையில் இப்போது பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும் என்பதால் இன்னும் தொடவில்லை. அதைச் சுத்தம் செய்து பொருத்தலாமா, புதிதாகவே வாங்க வேண்டுமா?

இதுவரை உப்புநீர் காணாத எஞ்சின் என்பதால், ஒவ்வொரு மாலையும் நன்னீர் விட்டுக் கழுவ வசதியான இறங்குதுறை மூதூர்ப் பக்கமா, நகரப் பக்கமா என்பதையும், கச்சான் காற்று வலுக்கும் முன் எத்தனை மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பதையும், கடற்படையிடம் முன்கூட்டியே அறிவிக்கும் முறையையும் அங்கு படகோட்டியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். ஆறு வயது மகளுக்கு ஏற்ற உயிர்காப்பு அங்கி ஒன்றும் இரவலாகத் தேவைப்படுகிறது.