புதுப்பிப்பு: வில்லாந்த்ரி கோட்டைக்குப் போய் வந்துவிட்டேன்

பிரான்சின் தூர் நகரில் ஒரே நாள்தான், கார் கிடையாது, வில்லாந்த்ரி கோட்டைக்குப் போவதா செனோன்சோ கோட்டைக்குப் போவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தோட்டம்தான் ஆசை என்றால் வில்லாந்த்ரி என்றீர்கள். ரொம்ப நன்றி, மிகச் சரியான யோசனை.

தூரில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். ஏறக்குறைய 17 கிலோமீட்டர், சிரமமில்லாத பாதை.

கோட்டையைக் கட்டியவர் மன்னர் முதலாம் பிரான்சுவாவின் நிதி அதிகாரி ழான் லு ப்ரெத்தோன், 1536 வாக்கில். அறைகளைச் சீக்கிரம் பார்த்துவிட்டு முதலில் பழைய கோபுரத்தின் மேலே ஏறுங்கள். அங்கிருந்துதான் காய்கறித் தோட்டம் புரியும்: ஒரே அளவில் ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றிலும் வேறு கோலம். அப்புறம் கீழே வந்து குனிந்து பார்த்தேன். சாம்பல் பூத்த முட்டைக்கோஸ் இலையில் ஒரு நீர்த்துளி உருண்டையாக நின்றது. சமையலுக்கு நறுக்கும் காய் இவ்வளவு அழகா என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒரு திருத்தம். இந்தத் தோட்டம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படியே இருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. 19ஆம் நூற்றாண்டில் அதை அழித்து ஆங்கிலப் பாணிப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். 1906இல் கோட்டையை வாங்கிய ஸ்பெயின்காரர் ஹோவாகிம் கர்வாலோதான், மருத்துவ ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்து, மனைவி ஆன் கோல்மனோடு சேர்ந்து மறுமலர்ச்சிக் காலத் தோட்டத்தை மீட்டவர். அந்த அர்ப்பணிப்பை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

வசந்தத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை புதிதாக நடுகிறார்கள். எனவே ஜூன் ஆரம்பத்தில் பார்க்கும் நிறங்கள் செப்டம்பரில் இருக்காது. தேதி குறிக்கும்போது இதையும் கவனியுங்கள்.